சந்தனம் வைத்த டிஸ்க்

காரைக்குடியில் எங்கள் தெருவில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் ஆசைத்தம்பி அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: ஃபார்மட். தலைவலி என்று போனால் தலையை எடுத்துவிடுகிற ஆள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஸ்க்ரூடிரைவர். ‘தெரியாது’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிறவள். கல்யாண வீடியோக்களுக்காக இரண்டு டிஸ்கை ஒன்றாக இணைத்து ஒரே கிடங்காக்கித் தந்தவர் இவர்தான். ஒன்று இல்லாவிட்டாலும் கிடங்கு திறக்காது. அதைச் சொன்னவரும் இவரேதான், அதுதான் கொடுமை. தனியாக ஒரு காப்பி வைக்கலாமே என்றால், “என் வேலை மேல நம்பிக்கை இல்லையா?” என்று முறைப்பார்.

ஆயுதபூஜைக்கு நான் காளையார்கோவில் போயிருந்தேன். ஸ்டுடியோவில் நடந்ததை எல்லாம் முடிந்த பிறகுதான் முதலாளி சொன்னார். கம்ப்யூட்டரைத் தூக்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைக்க இடமில்லையாம். “பெட்டிய வச்சு என்னண்ணே ஆகப்போகுது? உசுரத்தான வைக்கணும்” என்று ஆசைத்தம்பி அண்ணன் ஒரு டிஸ்கைக் கழற்றிச் சந்தனம், குங்குமம் இட்டு இலையில் வைத்திருக்கிறார். அதன்மேல் பொரி, மாலை. பிறகு சுண்டல் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை நெற்குப்பையிலிருந்து அகிலா தன் கல்யாண வீடியோவைக் கேட்டு வந்தாள். அவள் கல்யாணம் முடிந்த மாதமே அப்பா இறந்துவிட்டார். அவர் குரல் இருந்தது நாங்கள் எடுத்த அந்த வீடியோவில் மட்டும்தான்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். கிடங்கு திறக்கவில்லை. முதலாளி இன்னும் வரவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணனைக் கூப்பிட்டு, வந்ததும் திரையைக் காட்டினேன்.

“அண்ணே, ஒரு டிஸ்க்கக் காணோம்னு போட்டிருக்கு. படிச்சுப் பாருங்க.”

“அது எப்பவும் அப்படித்தான் கத்தும். எத்தனை பெட்டியப் பாத்திருக்கேன்! ஃபார்மட் போட்டா எந்திரிச்சுரும்.”

“என்ன பண்றீக? எங்கப்பா வீடியோ போயிராதுல்ல?” என்றாள் அகிலா.

“நான் இருக்கப்ப எங்குட்டுப் போகும்?” என்று பட்டனைத் தட்டினார்.

பெட்டி எழுந்தது. உள்ளேதான் ஒன்றுமில்லை.

சற்று நேரத்தில் முதலாளி வந்து, மறுபூஜைக்காகப் பழைய மாலையை எடுத்தார். பொரிக்கு அடியில் டிஸ்க்.

“இதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்” என்றாரே அண்ணன், பார்க்கலாம்! எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. டிஸ்கை வேட்டியில் துடைத்து, “பாதி இதுல இருக்கும்மா” என்று அகிலாவிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை.

“அந்தப் பாதியில எங்கப்பா இருக்காகளா, அண்ணே?”

அண்ணன் டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தெரியலையேம்மா.”