மண்ணை மூடச் சொன்ன வேட்பாளர்

1. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்

கல் முதலில் ஹார்னில்தான் பட்டது. அடுத்த கல்லுக்குப் பயந்து நான் ஆம்ப்ளிஃபையர் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தபின் எனக்கு அதுதான் முதல் எலக்‌ஷன். ஜட்கா வண்டியில் ஹார்ன் கட்டி, எங்கள் தங்கச் சுரங்க ஊரின் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் நிறுத்தியிருந்தோம்.

மைக்கைப் பிடித்திருந்தவர் யசோதரா டீச்சர். ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் லைனில் வீடு, பௌத்தக் குடும்பம். பள்ளிக்கூட வேலையிலிருந்து ரிடையரானதும், எந்தக் கட்சியிலும் சேராமல் பார்லிமெண்டுக்கு நின்றார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தங்கம் பிரித்தெடுத்த பிறகு மில்லிலிருந்து கொட்டுகிற மண் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. தங்கம் பிரிக்கச் சயனைடு கலப்பார்கள்; அதனால் சயனைடு மலை என்போம். காற்றுக் காலத்தில் அந்தத் தூசி சோற்றில் விழும், கண்ணில் விழும், நெஞ்சில் இறங்கும். அதன்மேல் நல்ல மண் போட்டு மூடி, புல்லும் மரமும் வளர்க்க வேண்டும் என்றார். மைன்ஸ் மத்திய சர்க்காரிடம் இருந்ததால், டெல்லிக்குப் போய்த்தான் கேட்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

கல்லெறிந்தவர் ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு தொழிலாளி. ஓடாமல் அங்கேயே நின்று கத்தினார்.

"மைன்ஸை மூடிட்டா எம் புள்ளைங்க இன்னாத்த துன்னும்?"

"யாருப்பா அப்பிடிச் சொன்னது?" என்றார் டீச்சர், மைக்கை அணைக்காமலே.

"கட்சி ஆபீஸ்ல சொன்னாங்கோ."

"நான் மைன்ஸை மூடச் சொல்லல. அந்த மண்ணை மூடச் சொல்றேன். உம் பொண்ணு எங்கிட்டதான் படிச்சிச்சு. காலையில வந்ததும் ஸ்லேட்டைத் துடைக்கும். எழுதாமலே வெள்ளையா இருக்கும். அதைத்தான் கேக்கறேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். ஆனால் அந்தப் பொய்யைக் கிளப்பிவிட்ட பெரிய கட்சியின் உள்ளூர்ச் செயலாளர் லைன் லைனாகப் போய் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சருக்கு டெபாசிட் போயிற்று. எண்ணி முடித்த அன்று அந்தச் செயலாளர் எங்கள் கடை வாசலில் நின்று, "தூசிக்கு எவனாவது ஓட்டுப் போடுவானாய்யா?" என்று சிரித்தார்.

2. திருடிய பேச்சு

அடுத்த பார்லிமெண்ட் எலக்‌ஷனில் அதே செயலாளர் வேட்பாளர். வண்டியில் வாசிக்கச் சொல்லி எனக்கு நோட்டீஸ் வந்தது. 'மைன்ஸை மூட மாட்டோம், மண்ணை மூடுவோம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நோட்டீஸ் கொண்டுவந்த கட்சிக்காரரிடமே கேட்டேன்.

"இது டீச்சரம்மா பேசினதாச்சே சார்?"

"பேச்சுக்கு இன்னா பட்டாவா கீது? படிய்யா."

நேராக ஸ்கெலட்டனுக்குப் போய் டீச்சரிடம் காட்டினேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இருமலை அடக்கிக்கொண்டு, கண்ணாடி போட்டு, கடைசி வரி வரை படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. போய் சத்தமா படிங்க. யார் செஞ்சா இன்னா, மூடினா சரி."

படித்தேன். லைன் பெண்கள் வாசலுக்கு வந்து கேட்டார்கள். செயலாளர் ஜெயித்தார்.

ஜெயித்த பிறகு ஒருநாள் மலையடிவாரத்தில் வரிசையாகச் செடி நட்டு, மாலை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அப்புறம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் வரவில்லை. அத்தனையும் காய்ந்து குச்சியாகிவிட்டது.

3. பொதுக்கூட்டம்

அடுத்த காற்றுக் காலத்தில், ஜெயித்த செயலாளருக்குப் பொதுக்கூட்டம் வைத்தார்கள். மேடைத் துணியில் தூசி படிந்திருந்தது. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினார். "உங்க தூசியைப் பத்தி டெல்லியில நான் பேசினேன். நாடே நம்மளைத் திரும்பிப் பாத்துச்சு!"

கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் டெஸ்டிங்குக்கு ஒரு மைக் இருந்தது. எடுத்தேன்.

"சார், மண்ணை எந்தத் தேதியில மூடுவீங்க?"

என் குரல் ஹார்ன் ஹார்னாகப் போயிற்று. ஸ்கெலட்டனிலிருந்து வந்த பெண்கள் எழுந்தார்கள். "சொல்லுங்க! தேதி சொல்லுங்க!" உட்காரவே இல்லை. அவர் ஏதோ கமிட்டி என்றார், ஃபைல் என்றார், கடைசியில் காரில் ஏறிவிட்டார்.

மேடையைப் பிரிக்கும் முன்பே முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

"நீங்களும் நம்ம கட்சியில சேந்துட்டீங்க, போங்க" என்று சிரித்தார்.

"உங்களுக்கு ஏது டீச்சர் கட்சி?"

"இன்னும் பேர் வைக்கல."

அவர் அதற்குப் பேர் வைக்காமலே போய்ச் சேர்ந்தார். நெஞ்சுதான் கெட்டது. வெகுகாலம் கழித்து, வெளிநாட்டில் எங்கோ மரம், காற்று, தண்ணீர் என்று பேசியே ஒரு கட்சி பார்லிமெண்டுக்குள் போனதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். புதுமையாம்! எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இங்கே ஒரு அம்மா அதே பேச்சைப் பேசினார்; சிரித்து அனுப்பினோம்.

இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். நம் பேச்சைப் பெரிய ஆட்கள் பேச ஆரம்பித்தால், ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எழுந்து நின்று தேதியைக் கேளுங்கள். சொல்லும்வரை உட்காராதீர்கள்.