சேஷகிரி பூட்டிய வேகம்

சிர்சிப் பக்கத்துப் பாக்குத் தோட்டங்களுக்கு இணையம் கொண்டுவந்தவன் சேஷகிரி. குன்றின் மேல் அலை அனுப்பும் ஒரு தட்டு, ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஒரு தட்டு; கம்பி கிடையாது. மழையில் நனைந்த மரங்கள் அலையை விழுங்கினால், குன்றிலிருந்த கருவி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் மங்கும், குரல் அறாது.

படுக்கையில் விழுந்த அவன் தாய் பாகீரதியைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்திருந்தான். பிள்ளைகளைப் போலவே நானும் அவளை ஆயி என்றுதான் கூப்பிடுவேன். கஞ்சி ஊட்டியதும் மலம் அள்ளியதும் நானும் அவனும்தான். அவள் கேட்டதெல்லாம் அமெரிக்காவிலிருந்த மூத்தவன் மகாபலனை.

ஞாயிறுதோறும் அவன் திரையில் வருவான்.

"என்னடா சேஷு, இது ஆயி முகமா, கிண்டி வெச்ச உப்புமாவா?"

ஆயி சிரித்தாள். "இவனுக்கு எதுதான் உருப்படியா வந்துச்சு?"

மறுநாளே சேஷகிரி குன்றேறி, குறையவே முடியாதபடி உச்ச வேகத்தில் கருவியைப் பூட்டிவிட்டு வந்தான்.

"மழை வந்தா என்ன பண்ணுவ?" என்றேன்.

"வரட்டும் அக்கா. மொதல்ல அவன் வாய அடைக்கணும்."

அடுத்த ஞாயிறு படம் கண்ணாடிபோல் இருந்தது. ஆயி சொன்னாள்: "பாத்தியா, பெரியவன் சொன்னாத்தான் இங்க வேலை நடக்குது."

வெயில் இருந்தவரை பூட்டு நின்றது. பிறகு மழை பிடித்தது. ஒரு மத்தியானம் அவள் மூச்சு இழுக்கத் தொடங்கியது. கடைசிக் கங்கை நீர் வாயில் விழும்போது மூத்தவன் மந்திரம் சொல்ல வேண்டும். தூரத்தில் இருப்பவர்கள் திரையில் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டது. மகாபலன் திரையில் வந்தான், வாயைத் திறந்தான், அப்படியே உறைந்து நின்றான். குரலும் இல்லை.

சேஷகிரி கரண்டியை நீட்டினான். "ஆயி, நான் சொல்றேன், குடி."

"நீ வேண்டாம். அவன் சொல்லட்டும்." பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, வேகத்தின் பூட்டை எடுக்கக் கொட்டும் மழையில் குன்றுக்கு ஓடினான். அவன் போய்ச் சேருமுன் அவள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் திரை மங்கி, மகாபலனின் குரல் மட்டும் வந்தது. நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே மந்திரம் முழுவதையும் பிணத்துக்குச் சொல்லி முடித்தான்.

"குடிச்சாளா?"

"வாயே திறக்கல. முன்னாடியே போயிட்டா."

"சேஷு வேலை எப்பவும் இந்த லட்சணம்தான்."

சேஷகிரி சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். "குரல் வந்துச்சா அக்கா?"

"வந்துச்சு" என்றேன். தாடையைக் கட்ட ஒரு துணி கொண்டுவரச் சொன்னேன்.