குகைக்குள் ஒரு வெண்கலக் குரல்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஊர் வைத்த பெயர் வெண்கலம். எல்லாம் குரலால் வந்த வினை. அவள் தன் வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டால் எதிர்வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவள்மேல் தப்பில்லை. அப்பா வாலிபம் முழுவதையும் நூற்பாலை இரைச்சலுக்குள் கழித்தவர். காது பாதி போய்விட்டது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்கே அந்த வீட்டில் கூவவேண்டும். அப்படி வளர்ந்தவளுக்கு மெல்லப் பேசும் வித்தை பிடிபடவே இல்லை. கட்டிக்கொண்டவரோ தையல்காரர், வாயில்லாப் பூச்சி. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொண்டிருந்தாள்.

கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். ஒருநாள், வந்திருந்த பெண்மணி ஒருவர் உள்ளாடையைக் கையில் வைத்துக்கொண்டு, காதோடு காதாக, இதைவிடப் பெரிய அளவு இருக்கிறதா என்று கேட்டார். இவள் மாடியைப் பார்த்து, "அண்ணே, அம்மாவுக்கு இதவிடப் பெரிய சைஸ் இருந்தா எடுத்துப் போடுங்க!" என்றாள். கடையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்மணி முகம் சிவந்து படியிறங்கிப் போய்விட்டார்.

முதலாளி சாயங்காலம் கூப்பிட்டார். "நீ நல்ல பொண்ணுதாம்மா. வேலையில சோம்பல் கிடையாது. ஆனா என் கடைக்கு ஒலிபெருக்கி தேவையில்ல. நாளையிலேருந்து வராத."

வீட்டுக்கு வந்து அழுதாள். அந்த அழுகையும் நாலு வீட்டுக்குக் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் சுற்றுலாத்துறை ஊருக்குள் அலுவலகம் திறந்தது. மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை, மூலையில் சுருட்டிவைத்த சுவரொட்டிகள், இன்னும் உறை பிரிக்காத நாற்காலிகள். ஊருக்கு வெளியே குன்றடியில் இருந்த குகையைப் பத்துப் பேர் பார்க்கும் இடமாக ஆக்கப்போவதாகச் சொன்னார்கள். ஊர் சிரித்தது. அந்தக் குகைக்கு ஊரில் வழங்கிய பெயரே 'வௌவால் பொந்து'. குடிக்கிறவர்களையும் காணாமல்போன ஆட்டைத் தேடுகிறவர்களையும் தவிர அங்கே ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

"அந்தப் பொந்தைப் பாக்க எவன் வருவான்? வேற வேலை இல்லையா கவர்மெண்டுக்கு?" என்று வெண்கலமும் சொன்னவள்தான். ஆனாலும் கூட்டிப் பெருக்க ஆள் எடுப்பார்களோ என்று கேட்கப் போனாள். வாசலில் நின்ற உதவியாளரிடம்தான் கேட்டாள். உள் அறையில் போனில் பேசிக்கொண்டிருந்த பெண் அலுவலர் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"யாரு மைக் வெச்சுப் பேசுறது?"

"மைக் இல்லைங்க மேடம். நான்தான்." குரலைத் தணிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். "பெருக்குறதுக்கு ஆள் இருக்கு. குகைக்கு வழிகாட்டிங்க வேணும். உள்ளூர் ஆளுங்களுக்கு நாங்களே பயிற்சி குடுக்குறோம். வர்றீங்களா?"

இதுவரை அந்தக் குரலைக் கேட்டு யாரும் அவளை எங்கும் வரச்சொன்னதில்லை. போகச்சொன்னவர்கள்தான் உண்டு.

பயிற்சியில், கூரையிலிருந்து சொட்டும் நீரால் குகைக்குள் கல் எப்படி வளர்கிறது, படியில் வயதானவர்களை எப்படி ஏற்றி இறக்குவது, ஒருவர் மயங்கினால் என்ன செய்வது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். துறை குகைக்குள் விளக்குப் போட்டது, கைப்பிடி வைத்தது, ரயில் நிலையங்களில் சுவரொட்டி ஒட்டியது. திறப்பு நாளன்று முதல் கூட்டத்தை அழைத்துப் போனவள் வெண்கலம். வாயெடுத்து "எல்லாருக்கும் வணக்கம்!" என்றாள். அவ்வளவுதான். அந்த வணக்கம் சுவருக்குச் சுவர் மோதி, உள்ளே தூங்கிய வௌவால்களை எல்லாம் கிளப்பிவிட்டது. குழந்தைகள் வீறிட்டன. ஒரு பெரியவர் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் அடையாள அட்டையைக் கழற்றி அலுவலரிடம் நீட்டினாள். "எனக்கு இது சரிப்படாது மேடம். துணிக்கடையிலயே துரத்துனாங்க. நீங்க பாவம், நல்ல மனசுல கூப்பிட்டீங்க."

அலுவலர் அட்டையை வாங்கவில்லை. கூட்டம் எல்லாம் போனபிறகு அவளைத் திரும்பவும் உள்ளே அழைத்துப் போனார்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"அதுவே போதும். இப்போ பேசாம இருங்க. குகை அதைச் சொல்லி முடிக்கட்டும்."

'சொல்ல... சொல்ல...' என்று எங்கோ போய்த் தேய்ந்து அடங்கியது.

"பாத்தீங்களா? குரல் ஒரு குறையே இல்ல. அவசரம்தான் குறை. பாதி சத்தம் நீங்க போடுங்க, மீதிய கல்லு பாத்துக்கும்."

வாரக்கணக்கில் இருவரும் அப்படிப் பழகினார்கள். அலுவலர் கடைசிப் படியில் நின்று கையைத் தாழ்த்திக் காட்டுவார். இவள் குரலைத் தாழ்த்துவாள். வீட்டுக்குப் போய்த் தையல் மிஷினுக்கு முன்னால் நின்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்ப்பாள். ஒருநாள் அவர் நூலைக் கோத்தபடியே, "இன்னைக்குத்தான் நீ பேசினது முழுசாப் புரிஞ்சுது" என்றார். அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசியதே அவளுக்குப் பெரிய பரிசு.

வழிகாட்டிகளின் குடும்பத்தாரை ஒருநாள் துறையே வேன் வைத்து அழைத்து வந்தது. அப்பா கடைசி வரிசையில் நின்றார். குகையைச் சுற்றிக்காட்டி முடித்ததும் அவள் ஓடிப்போய், "கேட்டுச்சாப்பா?" என்றாள்.

"ஒண்ணும் கேக்கல" என்றார் அவர் சிரித்துக்கொண்டு. "ஆனா அத்தனை பேரும் உன் வாயையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அது போதும் எனக்கு."

மழைக்காலத்தில் கூட்டம் குறைந்தபோது அலுவலர் அவளை வானொலி நிலையத்துக்குக் கூட்டிப்போனார். குகையைப் பற்றி அவள் தன் பேச்சிலேயே சொன்னாள்: "எங்க ஊர்லயே இதை வௌவால் பொந்துன்னுதான் சொல்லுவோம். நானும் சொன்னவதான். வந்து பாருங்க, அப்புறம் நீங்களே பேர் வைங்க." அடுத்த வாரமே வெளியூர் பேருந்துகள் குன்றடியில் நிற்கத் தொடங்கின. ஆட்டோக்காரர்களுக்குச் சவாரி கிடைத்தது. அவள் வீட்டுக்காரர் குகைப் படம் தைத்த துணிப்பைகளைக் குகை வாசலில் இருந்த கடையில் தொங்கவிட்டார். சிரித்த ஊர், இப்போது விருந்தாளிகளுக்கு வழி சொல்வதில் போட்டி போட்டது.

அலுவலருக்கு இடமாற்றம் வந்தது. போகும்போது வெண்கலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "துரத்தி விடுறதுக்கு ஆயிரம் பேர் இருந்தாங்க மேடம். நிறுத்திச் சொல்லிக்குடுத்தவங்க நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

"துறை சொன்ன வேலையத்தான் செஞ்சேன்" என்றார் அவர்.

"இருக்கட்டும். எனக்கு நீங்கதான் துறை."

மறு வருடம் கோடை விடுமுறையில், டிக்கெட் வரிசையில் தன் தாயாரோடு நின்றிருந்தார் அந்த அலுவலர். வெண்கலம் பதறிப்போய் முன்னால் அழைத்தாள்.

"அதெல்லாம் கூடாது. இன்னைக்கு நான் சுத்திப் பாக்க வந்தவ. எல்லாருக்கும் சொல்ற மாதிரியே எனக்கும் சொல்லுங்க."

வரிசை நகர்ந்தது. வெண்கலம் அலுவலருடைய அம்மாவின் கையைப் பிடித்து முதல் படியில் இறக்கிவிட்டாள். "பாத்து வாங்கம்மா, இந்தப் படி கொஞ்சம் வழுக்கும்" என்றபடி நடக்கத் தொடங்கினாள்.