பத்து மெஷினுக்கு ஒரே கீ

ஸ்டெல்லா அக்கா, நீ இருந்தபோது வாய் திறக்காத நான் இப்போது எல்லார் முன்னாலும் எழுதுகிறேன்.

முதலியார்பேட்டையில் கடைகளுக்கு பில் மெஷின் தயார் செய்யும் இடத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி லைசென்ஸ் கீ உண்டு. அடியில் ஒட்டியிருக்கும் அந்த எண்ணைப் போட்டு ஆக்டிவேட் செய்தால்தான் மெஷின் நிலைத்து ஓடும். எனக்குச் சோம்பல். ஒரு மெஷினில் போட்டதை அப்படியே மற்ற ஒன்பதிலும் காப்பி செய்துவிட்டேன். அக்கா என்னை நம்பி, தானே சரிபார்த்ததாக நோட்டில் கையெழுத்துப் போட்டாள்.

சில வாரங்களில் அந்த மெஷின்கள் மணிக்கொரு தடவை தானாக அணைய ஆரம்பித்தன. கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். முதலாளி நோட்டைப் புரட்டினார்.

"ஏம்மா, கையெழுத்து உன்னுதுதான? நாளையிலேர்ந்து வராத."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து ஸ்குரூ முடுக்கினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த மாதமே மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். சாரம் பகுதியில் இருந்த அவள் வீட்டுக்கு மாலையோடு வந்த முதலாளி, அவள் அம்மாவிடம் சொன்னார்: "நல்ல பொண்ணும்மா. அந்த ஒரு தப்பு பண்ணாம இருந்தா வச்சிருப்பேன்."

பிணத்தின் பக்கத்தில் நின்று பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், அதப் பண்ணது நானு! விசாரிக்காம தொரத்துனது நீ!"

அக்காவின் அம்மா என்னைக் கேட்டார்: "இத அவ இருக்கும்போது சொல்றதுக்கு என்னடா?"

முதலாளிமேல் கோபம் இன்னும் ஆறவில்லை. என்மேல் இருப்பது அதைவிட அதிகம். ஸ்டெல்லா அக்காவுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுங்கள். அவள் தப்பு செய்யாதவள் என்று சொல்லி ஜெபம் பண்ணுங்கள்.