நாலாவது தடவை விழுந்த கதை

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டையரான அமிர்தசாமிக்குச் சொத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. பொன்மலைப்பட்டியில் ஒரு வீடு, ஒரு சைக்கிள், அப்புறம் அந்த ஞாபகசக்தி. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மாதா கோயிலில், இயேசு சிலுவை சுமந்து போனதை நிலை நிலையாகச் சொல்லி ஜெபிக்கும் சிலுவைப்பாதையை நடத்துவது இருபத்திரண்டு வருஷமாக அவர்தான். பதினாலு நிலைக்கும் உள்ள ஜெபங்களைப் புத்தகத்தைத் தொடாமல் சொல்வார். பங்குச் சாமியார் ஒருமுறை புத்தகத்தை நீட்டியதற்கு, இரண்டு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பெருமைக்கு இந்த வருஷம் வந்தது வினை. இரண்டாம் வெள்ளியன்று, இயேசு மூன்றாம் முறை விழும் ஒன்பதாம் நிலை முடிந்ததும், "ஏழாம் நிலை. இயேசு இரண்டாம் முறை கீழே விழுகிறார்" என்று கணீரென்று சொன்னார். கீழ்ப்படிதலுள்ள சனம், மறுபேச்சில்லாமல் மறுபடியும் முழங்காலிட்டது.

"மூணு தடவை விழுந்தவரை நாலாவது தடவையும் விழ வச்சிட்டீங்களே" என்று வீட்டில் மனைவி லூர்துராணி சிரித்தாள். அமிர்தசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அண்ணன் பாக்கியநாதன் கடைசிக் காலத்தில், தான் பெற்ற மகனையே யார் என்று கேட்டவர். நமக்கும் அதுதானோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த வெள்ளியும் தடுமாறினார். பெரிய வெள்ளிக்கு மட்டும், பூசையில் வாசகம் வாசிக்கும் ஸ்டீபன்ராஜைப் படிக்கச் சொல்லலாமா என்று கோயிலில் பேச்சு அடிபட்டது.

நாலாம் வெள்ளி எப்படியோ ஒப்பேற்றிவிட்டார். சைக்கிளை மிதித்து வந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்து வேர்வையைத் துடைத்து, வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, "லூர்து, சோறு போடு" என்றார்.

உள்ளேயிருந்து வந்தது கலைமதி. அது ரயில்வே குவார்ட்டர்ஸ், அவள் வீடு. ரிட்டையராகும்வரை அமிர்தசாமி குடியிருந்த அதே வீடு. வேறு யாராவது என்றால் கூச்சல் போட்டிருப்பார்கள். கலைமதி நர்ஸ். சட்டை தொப்பலாக நனைந்திருந்ததையும் கை நடுங்கியதையும் பார்த்தாள். மாமியாருக்காக வாங்கி வைத்திருந்த சுகர் மெஷினை எடுத்துவந்து விரலில் குத்தினாள். எழுபதுக்குக் கீழே போகக்கூடாத சுகர் நாற்பத்தெட்டில் நின்றது. தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் அமிர்தசாமிக்கு அந்த நாற்காலி தன்னுடையதில்லை என்று தெரிந்துவிட்டது. கூசிப்போய் எழுந்தார்.

"உக்காருங்க ஐயா. இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"வெள்ளிக்கிழமை ஒருசந்திம்மா. ராத்திரி ஒருவேளைதான்."

"சுகர் மாத்திரை?"

"அதை எப்படிம்மா விடறது? காலையில கரெக்டா போட்டுருவேன்."

கலைமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "எல்லா வெள்ளியும் இப்படித்தானா?"

எல்லா வெள்ளியும் அப்படித்தான். மற்ற ஆறு நாளும் சாப்பிடுவார், எதையும் மறக்கமாட்டார். அது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். "டிசம்பர்ல டோஸைக் கூட்டினோம்ல? அதைப் போட்டுட்டுப் பட்டினி கிடந்தா சுகர் இறங்கிடும், மூளை தடுமாறும். அடிக்கடி இறங்கினா ஞாபகசக்தியே கெட்டுப்போகும்" என்றார். சாமியார் வேறு பிடித்துக்கொண்டார். "அறுபது தாண்டினவங்களுக்கு ஒருசந்தி கடமையே இல்லன்னு வருஷா வருஷம் அறிவிப்பு வாசிக்கிறேனே, கேக்கறதில்லையா?" அறிவிப்பு வாசிக்கும்போதெல்லாம் அமிர்தசாமி பதினாலு நிலையையும் மனசுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெரிய வெள்ளி காலையில் லூர்துராணி எதிரே உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட வைத்தாள். பாவம் செய்கிற மாதிரிதான் ஒவ்வொன்றும் உள்ளே இறங்கியது. கோயிலில் நிற்க இடமில்லை. ஒன்பதாம் நிலை முடிந்தது. ஸ்டீபன்ராஜ் புத்தகத்தைத் திறந்து தயாராக வைத்திருந்தார். முன்வரிசையில் லூர்துராணி குளுக்கோஸ் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பத்தாம் நிலை" என்றார் அமிர்தசாமி.

வெளியே வந்தபோது லூர்துராணிக்குக் கண் கலங்கியிருந்தது. "வாங்க, வீட்டுக்குப் போவோம்."

சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டே, "எந்த வீட்டுக்கு?" என்று கேட்டார்.

அவள் பதறிப்போய்ப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். அப்புறம்தான் மீசைக்குள் அவர் சிரிப்பதைக் கவனித்தாள். பெரிய வெள்ளி என்றுகூடப் பார்க்காமல் முதுகில் ஒன்று வைத்தாள்.