ஐந்து எண்ணிவிட்டு அழுத்து

ஒன்று தவறப்போகிறது என்று தெரிந்ததும் கை நீட்டிவிட வேண்டுமா, சற்றுப் பொறுக்க வேண்டுமா? பொறுப்பது என்றால் எத்தனை நொடி? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து சரிபார்க்கும் வேலையில் இருந்த என் சித்தி, வானியல் மன்றம் ஒன்றிலிருந்து தொலைநோக்கி ஒன்றை இரவல் வாங்கி எங்கள் திருவொற்றியூர் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தாள். ஞாயிறு காலை திருப்பித் தர வேண்டும். அதற்குள் ஓரியன் நெபுலா என்னும் விண்புகையை ஒரே ஒரு படமாவது, நட்சத்திரங்கள் புள்ளியாக விழும்படி எடுத்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்கின்றன. தொலைநோக்கியைத் தாங்கும் பீடம் மோட்டாரால் அவற்றின் பின்னாலேயே திரும்ப வேண்டும். சற்றுப் பிசகினாலும் புள்ளி கோடாகிவிடும். எனவே பெரிய குழாயின் மேல் ஒரு சின்னக் குழாய். அதில் கண்ணை வைத்து, நட்சத்திரம் குறுக்குக் கம்பிகளின் நடுவிலிருந்து விலகினால் பொத்தானை அழுத்தித் திருத்த ஓர் ஆள். சித்தி பெரிய குழாயில் மாட்டிய கேமராவைப் பார்த்துக்கொண்டாள். அந்த ஆள் நான்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொடங்கினோம். நட்சத்திரம் துடித்தது. துடித்தபோதெல்லாம் அழுத்தினேன். இரண்டு நிமிடத்தில் விரல் வலித்தது. அவ்வளவு கடமை உணர்ச்சி!

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் நைனா, படத்தைக் கணினியில் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா, நட்சத்திரம்னு சொன்ன, பூச்சி மாரி நெளிஞ்சிகினு கீது?"

நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"மிஷினு சரியில்ல மாமா," என்றாள் சித்தி, என்னைப் பார்க்காமல்.

சனிக்கிழமை முழுக்க அந்தப் பீடத்தோடு மல்லுக்கட்டினாள். கன்டெய்னர் லாரி போனால் தளத்தின் நடுப்பகுதி அதிரும் என்று, அடுத்த மாடிக்காகக் கம்பி நீட்டி விட்டிருந்த தூணை ஒட்டி, பீடம் நின்ற முக்காலியை நகர்த்தினாள். மோட்டாரின் பல்சக்கரம் பற்களின் இடைவெளியில் ஆடாமல் ஒரே பக்கம் பற்றியிருக்க, பீடத்தின் கிழக்குப் பக்கத்தில் எடைக்காக வாசல் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டாள்.

"அடியே, வூட்டுக்கு இன்னாத்தடி மாட்றது?" என்று அம்மா கீழிருந்து கத்தினாள்.

"நீதான் வாசல்ல குந்திகினு கீறியேக்கா, அப்பறம் பூட்டு எதுக்கு?"

அன்று இரவு பொத்தானை என் கையில் தரும்போது சித்தி சொன்னாள்: "மிஷினு பாவம், களைச்சுப் போச்சு. நட்சத்திரம் நவுந்தா உடனே அழுத்தாத. அஞ்சு எண்ணு. அப்பவும் நடுவுக்கு வரலன்னா ஒரு தபா அழுத்து."

மிஷின்மேல் இரக்கப்பட்டு எண்ணினேன். மூன்று எண்ணுவதற்குள் பெரும்பாலும் நட்சத்திரம் தானே நடுவுக்கு வந்துவிட்டது. மொத்தம் நான்கு முறைதான் அழுத்தியிருப்பேன். படத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் கடுகுபோல் உருண்டையாக இருந்தது. நடுவே இளஞ்சிவப்பாக ஒரு புகை. நைனா நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தார்.

"ஷோக்கா கீதும்மா."

"மிஷினு சரியாயிடுச்சு மாமா," என்றாள் சித்தி. நானும் அதை நம்பினேன்.

கல்லூரியில் இயற்பியல் படித்தபோதுதான் புரிந்தது. அன்று துடித்தது நட்சத்திரமல்ல, அதற்கும் எங்களுக்கும் நடுவிலிருந்த காற்று. அந்தத் துடிப்பைத் துரத்தித் துரத்தித் திருத்தினால் பீடம்தான் ஆடும். தூணும் பூட்டும் உதவியிருக்கும். ஆனால் முதல் படத்தை நெளியவிட்டது என் விரல். அளந்தே பழகிய சித்திக்கு அது பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஒரே ஓர் இரவு மிச்சமிருந்தும், அவள் அந்தப் பொத்தானை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

என் மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. இருமினால் எழுந்துவிடுகிறேன். தடுமாறினால் விழுவதற்குள் பிடித்துவிடுகிறேன். பிறகு, பிடித்திருக்க வேண்டாமோ என்று யோசிக்கிறேன். சித்தியிடம் கேட்டால், "அஞ்சு எண்ணுடி," என்று சிரிக்கிறாள். நட்சத்திரத்துக்கு ஐந்து சரி. நடை பழகும் பிள்ளைக்கு எத்தனை? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்கு எழுதுங்களேன்.