ஹாஸ்டைல் ரஞ்சிதா

கந்தர்வக்கோட்டையிலிருந்து வரும் மினி பஸ் திரும்பிப் போகிற அந்தக் கடைசி ஊரில் ரஞ்சிதா என்று இரண்டு பேர். ஒருத்தி அங்கன்வாடி ரஞ்சிதா. இன்னொருத்தியின் புருஷன் நாகராசு கத்தாரில் இருப்பதால் அவளைக் கத்தார் ரஞ்சிதா என்பார்கள். போன ஆவணியோடு அந்தப் பெயர் போயிற்று. இப்போது அவள் ஹாஸ்டைல் ரஞ்சிதா. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அதன் அர்த்தம் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? கோர்ட்டில் ஜட்ஜய்யா முன்னால் வைத்த பெயராயிற்றே, சும்மா விடுவார்களா!

முப்பத்தாறு வயது. கீரனூர்ப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவள். ப்ளஸ் ஒன் படிக்கிற மகள் ஹரிணி. வேலை முந்திரிக் கொட்டகையில். வறுத்த கொட்டையை நிறுத்திவைத்துக் கட்டையால் ஒரே தட்டு, பருப்பு முழுசாகக் குதித்து வரும். அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்று கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். பூசினாலும் பத்து மணிக்குள் விரல் கரியாகிவிடும். அதனால் ரஞ்சிதாவுக்குத் தினமும் காலையில் ஒரு வேலை பாக்கியில்லாமல் முடிந்தாக வேண்டும். கை கறுப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சுடர்விழிக்குத் தலை பின்னிவிட வேண்டும்.

சுடர்விழிக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். பின்னத்தான் அவளுக்குக் கை இல்லை. வலது மணிக்கட்டில் விழுந்த வெட்டு நரம்பை அறுத்துவிட்டது, விரல்கள் மடங்காது. கொட்டகையில் இடது கையால் பருப்பைத் தரம் பிரிப்பாள். மூன்று வருடமாக ரஞ்சிதாதான் அவளுக்கு வலது கை.

அந்த வெட்டு விழுந்ததை ரஞ்சிதா கண்ணால் பார்த்தாள். முந்திரித் தோப்புக்குப் போகிற பாதையைப் பக்கத்துத் தோட்டக்காரன் முத்துராமன் முள் போட்டு அடைத்தான். சுடர்விழியின் அண்ணன் பிச்சை முள்ளை இழுத்துப் போட்டான். வாய்ச்சண்டை முற்றி முத்துராமன் அரிவாளை ஓங்க, "அய்யோ, எண்ணே!" என்று சுடர்விழி குறுக்கே கையை நீட்டிவிட்டாள். ரஞ்சிதா தன் முந்தானையைக் கிழித்துக் கட்டுப்போட்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு போனாள். போலீஸ் வந்தபோது ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மடியில் கனமில்லை, வழியில் என்ன பயம் என்று அப்போது நினைத்தாள்.

மூன்று வருடம் கழித்துக் கேஸ் விசாரணைக்கு வந்தது. அதற்குள் முத்துராமன் பாதையை விட்டுக்கொடுக்கிறேன் என்று இறங்கி வர, பிச்சையும் சரியென்று தலையாட்டிவிட்டான். அரிவாள் வெட்டுக் கேஸை வாபஸ் வாங்க முடியாதாம். அதனாலென்ன, சாட்சிகள் தெரியாது என்றால் தன்னால் படுத்துவிடும் என்று ஊர்ப் பஞ்சாயத்துப் பேசும் அம்பலகாரர் வழி சொன்னார். ராசி பேசி முடித்து அய்யனார் கோவிலில் கற்பூரம் ஏற்றினார்கள். முத்துராமன் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தான், பிச்சையும் அணைத்தான். பிறகு ரஞ்சிதாவைக் கூப்பிட்டார்கள்.

"சுடர் சம்மதிச்சிருச்சா மாமா?" என்று கேட்டாள்.

"அவ அண்ணன் வந்து நிக்கிறான்ல? பெறகென்ன? வீட்டுக்கு ஒரு கை போதாதா?" என்றார் அம்பலகாரர்.

முந்தின நாள் கத்தாரிலிருந்து நாகராசு பேசியிருந்தான். "குணசேகரண்ணன்தான் இங்க எனக்கு ஃபோர்மேன். முத்துராமனுக்குக் கூடப்பொறந்த அண்ணன். அவரு நெனச்சா நாளைக்கே என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு. நீ தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு, ரஞ்சி. ஒன்னயக் கையெடுத்துக் கும்புடுறேன்." கடல் தாண்டி நிற்கிறவன் குரல் நடுங்கினால் பெண்டாட்டி என்ன செய்வாள்? ரஞ்சிதா கற்பூரத்தில் கையை வைத்து அணைத்தாள்.

கற்பூரம் அணைத்த வழக்கை யாரும் வாயெடுத்துப் பேசக்கூடாது, பேசினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அந்த ஊர் வழக்கம். அதனால் தினமும் காலையில் சுடர்விழியின் தலையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டும் ரஞ்சிதா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒங்கிட்டச் சொன்னாங்களாடி?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே விடிந்திருக்கும். சாமிக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டாள், பாவி.

கோர்ட்டுக்குப் போகிற அன்றும் சுடர்விழி வந்து உட்கார்ந்தாள். "நல்லா இறுக்கிப் பின்னுக்கா. கோர்ட்டுல அவுந்து தொங்கக் கூடாது" என்று சிரித்தாள். சம்மதித்ததால்தான் இப்படிச் சிரிக்கிறாள் என்று ரஞ்சிதாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

புதுக்கோட்டைக் கோர்ட்டில் சாட்சிகளை வெளியே உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். முதலில் சுடர்விழி. அரை மணி நேரம் கழித்து ரஞ்சிதாவின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியபோது சுடர்விழி முன் பெஞ்சில் இருந்தாள். வாசலில் முத்துராமனின் ஆட்கள்.

"அம்மா, பயப்படாம நடந்ததச் சொல்லுங்க" என்றார் அரசு வக்கீல்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் அங்க இல்லைங்க."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜட்ஜிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதில் ஹாஸ்டைல் என்ற ஒரு சொல் மட்டும் இரண்டு தடவை வந்தது. ஜட்ஜ் தலையசைத்தார், டைப் அடித்தார்கள். அதற்குப் பிறகு வக்கீல் அவளை அம்மா என்று கூப்பிடவேயில்லை. அவள் போலீசில் சொன்னதையே கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக அவள்மேல் எறிந்தார்.

"முத்துராமன் அரிவாள ஓங்குனதப் பார்த்தீங்கன்னு சொல்றேன், சரிதானா?"

"சரியில்லைங்க."

"சுடர்விழி கைய நீட்டித் தடுத்தாங்கன்னு சொல்றேன்."

"சரியில்லைங்க."

"காயம்பட்ட சுடர்விழி இப்பத்தான் இதே கூண்டுல ஏறி, முத்துராமன்தான் வெட்டுனாருன்னும், நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னும் சொல்லிட்டு உக்காந்திருக்காங்க. அவங்க பொய் சொல்றாங்களா?"

ரஞ்சிதாவுக்குக் கூண்டுக் கட்டை கைக்குள் வழுக்கியது. அய்யோ, இவள் சம்மதிக்கவில்லையா! சுடர்விழி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் இன்னும் கோபம் வரவில்லை. அக்கா பயந்துபோய் உளறுகிறாள், இப்போது சரியாகச் சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கைதான் இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஆனால் வாசலில் நின்றவர்களில் ஒருத்தன் போனைக் காதில் வைத்திருந்தான். அவன் யாரிடம் பேசினானோ, ரஞ்சிதாவுக்கு அது கத்தாராகத்தான் பட்டது. நாகராசு பெட்டியோடு திரும்பி வந்து நிற்பது தெரிந்தது. இங்கிட்டுப் போனால் கிணறு, அங்கிட்டுப் போனால் பள்ளம்.

"எனக்குத் தெரியாதுங்க."

வக்கீல் கடைசித் தாளைப் புரட்டினார். "நீங்க கட்டியிருந்த சேலையக் கிழிச்சு அவங்க கையில கட்டுப்போட்டீங்கன்னு சொல்றேன்."

அதையாவது ஆமாம் என்று சொல்லக்கூடாதா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் அங்கே இருந்ததாக ஆகிவிடுமே.

"சரியில்லைங்க."

சுடர்விழி மடங்காத விரல்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் கூண்டுப் பக்கம் பார்க்கவில்லை.

பின்னால்தான் தெரிந்தது. பிச்சை கோர்ட்டுக்கு முதல் நாள் தங்கச்சியிடம் சொல்லித்தான் பார்த்தானாம். "வெட்டுப்பட்ட கை ஒனக்கா எனக்கா?" என்று கேட்டாளாம். "நீ பேசாட்டிப் போ. ரஞ்சிதாக்கா சொல்லும்" என்றாளாம்.

வீட்டுக்கு வந்ததும் ரஞ்சிதா மகளிடம் கேட்டாள், "ஹாஸ்டைல்னா என்னடி?"

ஹரிணி போனில் தேடிப் படித்தாள். "சினேகமில்லாத. பகை கொண்ட. கோர்ட்டுல சொன்னத மாத்திப் பேசுற சாட்சிக்கும் இதான் பேராம். எங்க புக்குல ஊருக்குக்கூட போட்டிருக்கும்மா. தண்ணி கெடைக்காம மனுசன் வாழ முடியாத எடத்த அப்படிச் சொல்வாங்க."

"நான் ஆருக்குடி பகை?"

ஹரிணிக்கு எல்லாம் தெரியும். அவள் போனை அணைத்துவிட்டு எழுந்து போனாள்.

நாகராசுக்கு வேலை தப்பியது. பிச்சையும் தெரியாது என்று சொல்லிவிட, முத்துராமனுக்கு விடுதலை ஆனதற்கு ஊரில் வெடி போட்டார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. கோர்ட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலையில் ரஞ்சிதா சீப்பும் எண்ணெயுமாக வாசலில் உட்கார்ந்திருந்தாள். சுடர்விழி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போய்க் கூப்பிட எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

மூன்றாம் நாள் கொட்டகைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பருப்புத் தட்டுக்கு முன்னால் சுடர்விழி இருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி கழுத்தோடு போயிருந்தது. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. இடது கையால் கத்தரியைப் பிடித்து அவளேதான் வெட்டியிருக்கிறாள்.

"என்னடி சுடரு இது? எம்புட்டு முடி!" ரஞ்சிதா தொட்டுப்பார்க்கக் கையை நீட்டினாள்.

சுடர்விழி பருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாகத்தான் சொன்னாள். "இனிமே எனக்கு ஆரு கையும் வேணாம்க்கா."

ரஞ்சிதா சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின் வரிசையிலிருந்து யாரோ ஒருத்தி, "ஏ ஹாஸ்டைலு, அந்தக் கூடைய இங்கிட்டுத் தள்ளு" என்றாள். ரஞ்சிதா திரும்பி, கூடையைத் தள்ளிவிட்டாள்.